கீழிருந்து மேலாக ஒரு பட்டியல்

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம்: வெளியான ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கை. அதன் அருகே இதழின் பெயர், அதன் தாக்கக் காரணி, ஆசிரியர் வரிசையில் எத்தனையாவது இடம் என்று இன்னும் மூன்று கட்டங்கள். வட இந்திய நகரம் ஒன்றில் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் அந்த மாணவிக்கு இது ஐந்தாம் ஆண்டு. நான்கு கட்டங்களும் வெறுமையாகவே இருந்தன.

உழைக்கவில்லை என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. 1980இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலகிற்கு அறிமுகப்படுத்திய, தானாகவே நீரிழிவுக்கு ஆளாகும் எலி வகையொன்று உண்டு. என்ஓடி எலி என்று சொல்வார்கள். அவ்வெலிகளில் நோயைத் தள்ளிப்போடும் என்று நம்பப்பட்ட ஒரு மூலக்கூறை மூன்றாண்டுகள் சோதித்தாள். வாரந்தோறும் வால் நுனியில் ஒரு துளி இரத்தம், ஒரு சர்க்கரை அளவு, குறிப்பேட்டில் ஒரு வரி. மருந்து பெற்ற எலிகளும் பெறாத எலிகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நோயுற்றன. மூலக்கூறு வேலை செய்யவில்லை. முடிவு அவ்வளவுதான், தெளிவாகத்தான் இருந்தது. அத்தெளிவுக்குப் படிவத்தில் இடமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் தரமான இதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். 2022 நெறிமுறைகள் அக்கட்டாயத்தை நீக்கின. நீக்கியபின்னும் பல நிறுவனங்கள் தம் சொந்த விதிகளில் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. போன விருந்தாளி விட்டுச்சென்ற செருப்பை எடுத்தெறிய மனமின்றி வாசலிலேயே வைத்திருப்பதைப்போல.

படிவத்தை ஒதுக்கிவிட்டு, ஆய்வேட்டின் முன்னுரைக்கு ஒரு மேற்கோள் தேடிப் பப்மெட் தளத்தைத் திறந்தாள். தேடியது கெவன் ஹெரால்ட் என்ற பெயரை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியலும் மருத்துவமும் கற்பிக்கும் அவர், முதல் வகை நீரிழிவைத் தள்ளிப்போடும் முதல் மருந்தான டெப்லிசுமாபுடன் தொடர்ந்து சேர்த்துப் பேசப்படுபவர். நாள்வரிசையில் அடுக்கச் சொன்னால் அத்தளம் புதியதை மேலும் பழையதைக் கீழும் வைக்கும். எனவே எவருடைய பட்டியலைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது வெற்றிதான். அன்று அவள் கடைசிப் பக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்கத் தொடங்கினாள். படிவத்தைத் தள்ளிப்போட அது ஒரு நல்ல சாக்கு.

அந்தப் பட்டியலைப் புரிந்துகொள்ள அதற்கும் முந்தைய சிலவற்றை நினைவுகூர வேண்டும். சிறுவயதில் வரும் நீரிழிவு, உடலின் பாதுகாப்புப் படையே கணையத்தின் பீட்டா செல்களைப் பகையெனக் கருதி அழிப்பதால் நேர்கிறது என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. ஐம்பதாண்டுகளுக்குமுன் அப்படியில்லை. 1974இல் லண்டனில் ஜியான் ஃபிராங்கோ பொட்டாட்சோவும் டெபோரா டோனியாக்கும் உடன் ஆய்வாளர் ஒருவரும், சில நோயாளிகளின் குருதியில் கணையத்திட்டுகளைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை லான்செட்டில் எழுதினர். நோய் எதிர்ப்புமண்டலத்தின் தவறு என்றால், அம்மண்டலத்தை அடக்கினால் நோய் அடங்க வேண்டும். 1980களில் கனடாவிலும் பிரான்சிலும், உறுப்புமாற்று நோயாளிகளுக்குத் தரும் சைக்ளோஸ்போரினைப் புதிய நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போயிற்று. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. தொடர்ந்தால் சிறுநீரகம் கெடும். கணையத்தைக் காக்கச் சிறுநீரகத்தைக் கொடுக்கும் பண்டமாற்றை எந்த மருத்துவர் குழந்தைக்குப் பரிந்துரைப்பார்? அந்த வழி அடைபட்டது. ஆனால், எதிர்ப்புமண்டலத்தைத் தொட்டால் நோயின் போக்கு மாறும் என்ற உண்மை மட்டும் நிலைத்தது.

பட்டியலின் அடியில், 1992இல் டயாபடிஸ் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை. ஹெரால்ட் அப்போது சிகாகோவில் இருந்தார். உடன் எழுதியவர்களுள் ஜெஃப்ரி புளூஸ்டோன் என்ற நோயெதிர்ப்பியலாளரும் ஒருவர். டி செல்களின் மேற்பரப்பில் சிடி3 என்ற புரதம் உண்டு. அதைப் பற்றும் எதிர்ப்பொருள் மருந்தான ஓகேடி3, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்க 1986 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. ஆனால் அது டி செல்லைப் பற்றும்போதே உலுக்கியும் விடும். உலுக்கப்பட்ட செல்கள் வேதித்தூதுகளை அள்ளி வீச, நோயாளி கடுங்காய்ச்சலிலும் நடுக்கத்திலும் விழுவார். 1992 கட்டுரை கேட்ட கேள்வி எளியது: உலுக்காமல் பற்ற முடியுமா? எதிர்ப்பொருளின் வால்பகுதியை நீக்கிவிட்டு, பற்றும் கைகளை மட்டும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். சிறு சிறு அளவில் ஸ்ட்ரெப்டோசோசின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி நீரிழிவுக்குள் தள்ளப்பட்ட எலிகள் அவை. அவற்றில் நோய் தடுக்கப்பட்டது.

இந்தக் கட்டுரை மட்டும் தனித்து நின்றிருந்தால் இன்று யாரும் அதைத் தேடியிருக்கமாட்டார்கள். எலியில் நீரிழிவைத் தடுத்ததாக நூற்றுக்கும் மேற்பட்ட வழிகள் இதழ்களில் பதிவாகியுள்ளன. மனிதரிடம் தேறியவற்றை எண்ண ஒரு கையின் விரல்களே அதிகம். அந்தத் துறையில் நுழையும் ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலேயே கேட்டுச் சிரிக்கும் செய்தி இது. அச்சிரிப்புக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வேலை செய்த வழிகள் அச்சேறின. வேலை செய்யாதவை குறிப்பேடுகளிலேயே தங்கிவிட்டன. அச்சேறியவற்றை மட்டும் படிக்கும் ஒருவருக்கு என்ஓடி எலி மிகவும் எளிதில் குணமாகும் பிராணியாகத் தோன்றும்.

1994இல் வந்த அடுத்த முக்கியக் கட்டுரை ஹெரால்டின் பட்டியலிலேயே இல்லை. பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் லூசியென் ஷாட்டெனூ, ஷான் ஃபிரான்சுவா பாக் குழுவினர் எழுதியது அது. ஏற்கெனவே நோயுற்றுவிட்ட என்ஓடி எலிகளுக்கு வெறும் ஐந்து நாள்கள் சிடி3 எதிர்ப்பொருள் கொடுத்தார்கள். நோய் பின்வாங்கியது. மருந்து உடலைவிட்டு நீங்கிய பின்னும் திரும்பவில்லை. சைக்ளோஸ்போரின் செய்யத் தவறியது இதுதான். எதிர்ப்புமண்டலம் அடக்கப்படவில்லை, ஏதோ ஒரு வகையில் மறுபடியும் பழக்கப்படுத்தப்பட்டது. சிகாகோவின் பட்டியலில் உள்ள இடைவெளியைப் பாரிசின் பட்டியல் நிரப்புகிறது. ஒரு மனிதரின் வெளியீட்டுப் பட்டியலை அவருடைய சொத்துப் பத்திரம்போல் வாசிப்பவர்கள் இந்த இடத்தில் வழி தவறுவார்கள்.

பிறகு 2002. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின். எதிர்ப்பொருளின் வாலை முழுதும் வெட்டாமல், அதில் இரண்டு அமினோ அமிலங்களை மட்டும் அலனினாக மாற்றி மனித உடலுக்கேற்பச் செய்த மருந்து அது. பங்கேற்றோர் 24 பேர். நோய் கண்டறியப்பட்டு ஆறு வாரங்களுக்குள் இருந்தவர்கள். பாதிப்பேருக்கு 14 நாள்கள் மருந்து, ஒரே ஒரு முறை. ஓராண்டுக்குப்பின், மருந்து பெற்ற 12 பேரில் 9 பேர் தங்கள் சொந்த இன்சுலின் சுரப்பைக் காத்திருந்தார்கள், அல்லது சற்றுப் பெருக்கியிருந்தார்கள். மருந்து பெறாத 12 பேரில் அப்படி இருந்தவர்கள் 2 பேர்.

எலியிலிருந்து 24 மனிதர்களுக்கு வரப் பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. இன்றைய மதிப்பீட்டுப் படிவத்தின் கணக்கில் அது பத்துப் படிவங்கள்.

‘சொந்த இன்சுலின்’ என்பதை எப்படி அளந்தார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. பீட்டா செல் இன்சுலினை நேரடியாக உருவாக்குவதில்லை. முதலில் ஒரு நீண்ட புரதச்சங்கிலியைச் செய்து, அதை வெட்டும்போது ஒரு துண்டு இன்சுலினாகவும் இன்னொரு துண்டு சி-பெப்டைடு என்ற பொருளாகவும் பிரிகின்றன. எத்தனை இன்சுலின் மூலக்கூறோ, அத்தனை சி-பெப்டைடு. மருந்துக்கடையில் வாங்கும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரின் குருதியில் சி-பெப்டைடு தென்பட்டால், அவருடைய கணையத்தில் இன்னும் அடுப்பு எரிகிறது என்று பொருள்.

அந்த மாணவிக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பதினோராம் வயதில், ஓயாத தாகமும் எடையிழப்புமாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்றாம் நாள் கண் விழித்தபோது அவளுக்கு இந்த நோயின் பெயரைச் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து எடுத்த அறிக்கையில் சி-பெப்டைடு ‘கண்டறியும் எல்லைக்குக் கீழ்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்தத் தாள் இப்போதும் அவளிடம் இருக்கிறது. முனைவர் பட்டச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தில் இந்தத் துறையைத் தேர்ந்ததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். அவள் இதை எழுதவில்லை. எலி மாதிரிகளில் ஆர்வம் என்று எழுதினாள். இன்சுலின் பேனா ஆய்வகப் பையின் பக்கவாட்டு அறையில் இருப்பதை உடன் பணிபுரியும் இருவரைத் தவிர வேறெவரும் அறியார்.

பட்டியலில் இன்னும் மேலே வந்தால் 2011. லான்செட்டில் வெளியான இக்கட்டுரையில் ஹெரால்ட் முதல் ஆசிரியர் அல்லர், கடைசி ஆசிரியரும் அல்லர். கடைசிக்கு முந்தைய இடம். ஆசிரியர் இடத்துக்கு மதிப்பெண் தரும் அட்டவணைகளில் பெரும்பாலும் ஒன்றும் பெறாத இடம். ஆனால் இந்தப் பட்டியலில் நின்று படிக்கவேண்டிய கட்டுரை இதுவே. புரோடேஜே என்று பெயரிட்ட மூன்றாம் கட்ட ஆய்வு அது. வயது 8 முதல் 35 வரையுள்ள 516 நோயாளிகள், 83 மையங்கள். வட அமெரிக்கா, ஐரோப்பா, இஸ்ரேல், இந்தியா. ஆம், இந்தியாவும்தான். ஆசிரியர் வரிசையில் ஓர் இந்திய மருத்துவரின் பெயரும் உண்டு. நம் நாட்டுப் பிள்ளைகள் சிலர் அந்த ஊசியின் கீழ்க் கை நீட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆய்வு தோற்றது. ஓராண்டு முடிவில் இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றுவோரே வெற்றி பெற்றவர் என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தார்கள். நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவான இன்சுலின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்கும் கீழ். முழு அளவு மருந்தை 14 நாள்கள் பெற்றவர்களில் இதை எட்டியோர் 19.8 விழுக்காடு. வெற்று மருந்து பெற்றவர்களில் 20.4 விழுக்காடு. வேறுபாடே இல்லை. 2010இலேயே எலி லில்லி நிறுவனம் இம்மருந்தை முதல் வகை நீரிழிவுக்குக் கொண்டுவரும் முயற்சியை நிறுத்திவிட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மருந்தான ஒட்டெலிக்சிசுமாபும் ஏறத்தாழ அதே காலத்தில் பெரிய ஆய்வில் தோற்றது. 2005இல் பெல்ஜியத்தில் 80 பேரிடம் நல்ல பலன் தந்த மருந்து அது. பக்கவிளைவுக்கு அஞ்சி, மொத்த அளவை 48 மில்லிகிராமிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிகிராமுக்கு இறக்கியிருந்தார்கள். பாயசத்தில் சர்க்கரை திகட்டுகிறதென்று சர்க்கரையே போடாமல் பரிமாறியதுபோல் ஆயிற்று.

புரோடேஜேயின் குறை அளவில் இல்லை, அளவுகோலில் இருந்தது என்று பின்னர்ப் பலர் வாதிட்டனர். இன்சுலின் எவ்வளவு போட்டுக்கொள்கிறார் என்பது நோயின் நிலையை மட்டும் காட்டுவதன்று. மருத்துவரின் பழக்கம், குடும்பத்தின் பணவசதி, தாழ்சர்க்கரை குறித்த அச்சம், உணவு ஆகிய எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. ஒரே நிலையிலுள்ள கணையத்தோடு ஓர் ஊரில் ஒருவர் நாளுக்கு 20 யூனிட் போடுவார், இன்னோர் ஊரில் இன்னொருவர் 35 போடுவார். நான்கு நிலப்பகுதிகளில் பரந்த ஆய்வில் இந்த எண்ணை வெற்றியின் அளவாக வைத்தால், கணையத்தை அளக்கிறோமா, ஊர் வழக்கத்தை அளக்கிறோமா என்பதே குழம்பிவிடும். அதே 516 பேரின் தரவுகளில் வேறு சில அடையாளங்களும் இருந்தன. மருந்து பெற்றவர்களில் 415 பேரில் 19 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலினே இன்றி இருந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. முழு அளவு பெற்றோரிடம், குறிப்பாகச் சிறுவரிடமும் சீக்கிரமே சேர்க்கப்பட்டோரிடமும், சி-பெப்டைடு மெதுவாகக் குறைவதற்கான அறிகுறிகளும் தென்பட்டன. தோல்வி என்று தலைப்பிடப்பட்ட கட்டுரையின் உடலுக்குள் இவை அச்சேறிக் கிடந்தன. அவற்றை வெளியிடாமல் விட்டிருந்தால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று எவருக்கும் தெரிந்திராது.

மருத்துவ நூலகத்தின் இரவுநேர விளக்கின்கீழ் இதைப் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு கணம் நிறுத்தினாள். ஆய்வின் வயது வரம்பு எட்டிலிருந்து தொடங்கியது. அவள் நோயறிந்த ஆண்டும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் கையில் அகப்பட்டிருந்தால் அந்த 516இல் ஒருத்தியாக இருந்திருக்கக் கூடும். எந்தக் குழுவில் விழுந்திருப்பாள் என்பது கணினியின் சீட்டுக்குலுக்கல். இந்த எண்ணத்தில் அவள் நெடுநேரம் தங்கவில்லை. எழுந்து போய்ச் சர்க்கரை பார்த்துக்கொண்டு, இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு வந்தாள்.

இதற்குமேல் பட்டியல் விரைவாக ஏறுகிறது. 2013இல் 77 பேரைக்கொண்ட ஓர் ஆய்வு. சி-பெப்டைடையே அளவாக வைத்து, மருந்து யாரிடம் பலிக்கிறது, யாரிடம் பலிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தது. பிறகு 2019. மீண்டும் நியூ இங்கிலாந்து ஜர்னல், மீண்டும் முதல் ஆசிரியர். இம்முறை கேள்வியே மாறியிருந்தது. நோய் வந்தபின் காப்பதைவிட, வருமுன் தள்ளிப்போட முடியுமா? முதல் வகை நீரிழிவு உடையோரின் உறவினர்களில், இரண்டோ அதற்கு மேற்பட்டோ எதிர்ப்பொருள்கள் கொண்டவர்களை, சர்க்கரை ஏற்கெனவே சற்றுத் தடுமாறத் தொடங்கியவர்களைத் தேடிப்பிடித்தார்கள். அப்படிப்பட்ட 76 பேரைச் சேர்க்க 2011 முதல் 2018 வரை ஆயிற்று. பெரும்பாலோர் 18 வயதுக்குட்பட்டவர்கள். ஒரே ஒருமுறை, 14 நாள்கள். வெற்று மருந்து பெற்றோர் நோயுற இடைநிலையாக 24.4 மாதங்கள் ஆயின. டெப்லிசுமாப் பெற்றோருக்கு 48.4 மாதங்கள்.

இருபத்து நான்கு மாதங்கள். இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உண்டு. முப்பதாண்டு உழைப்புக்கும் இரண்டாண்டுத் தவணைக்கும் என்ன பொருத்தம் என்று கருத்தரங்குகளில் உதட்டைப் பிதுக்கியோரும் உண்டு. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இரண்டாண்டு என்பது என்ன என்று அவர்கள் கணக்கிட்டிருக்கமாட்டார்கள். நாளுக்கு நான்கு ஊசி என்று கொண்டால் 2,900க்கும் மேல். பள்ளியில் பிறந்தநாள் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே யோசிக்கும் வேளைகள். நள்ளிரவில் இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையின் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் தாயின் 730 இரவுகள். சுற்றுலாவுக்கு அனுப்ப மறுக்கும் ஆசிரியர்கள். இவை பதினொன்றில் தொடங்காமல் பதின்மூன்றில் தொடங்கினால், அந்த இரண்டாண்டில் ஒரு பெண் தன் உடலைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருப்பாள். கட்டுரையின் வரைபடத்தில் இரு கோடுகளுக்கிடையே உள்ள வெள்ளை இடம் இவ்வளவையும் அடக்கியது.

அதற்கு மேலுள்ளவை செய்தித்தாளிலும் வந்தவை. 2021 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் பத்துக்கு ஏழு என்ற வாக்கில் மருந்து தப்பியது. ஜூலையில் நிர்வாகம் அனுமதி மறுத்தது. புதிதாக உற்பத்தி செய்யப்பட்ட மருந்து, ஆய்வில் பயன்பட்ட பழைய மருந்தைப் போலவே குருதியில் நடந்துகொள்கிறது என்று நிறுவப்படவில்லை என்பது காரணம். 2022 நவம்பர் 17 அன்று, எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு, நோயின் இரண்டாம் நிலையில் இருப்போருக்கு அனுமதி கிடைத்தது. 1992இலிருந்து எண்ணினால் முப்பதாண்டு. குப்பி ஒன்றுக்கு 13,850 டாலர், 14 நாள் முறைக்கு 193,900 டாலர் என்று விலை அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் இருந்துகொண்டு அந்த எண்ணைப் படிப்பது வேறு அனுபவம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி, முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் உலகிலேயே மிகுதியாக உள்ள நாடு இது. ஏறத்தாழ 2,29,000 பேர். நோய் முற்றுமுன் அறிய வேண்டுமானால் எதிர்ப்பொருள் சோதனை வேண்டும். நம் மாவட்ட மருத்துவமனைகளில் நோய் வெளிப்பட்ட பிள்ளைக்கே அச்சோதனை வழக்கமில்லை, அதன் தம்பி தங்கைகளுக்கு எப்படி? குளிர்பதனப்பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானைத் தண்ணீருக்குள் இன்சுலின் குப்பியை வைத்துக் காக்கிறார்கள். புரோடேஜேயில் கை நீட்டிய பிள்ளைகளின் நாட்டுக்கும் அந்த விலைக்கும் இடையே உள்ள தொலைவு எந்தப் பட்டியலிலும் வராது. மருந்தைக் கண்டவர்கள்மீது இந்தக் குற்றத்தை ஏற்றுவது நியாயமில்லைதான். ஆனாலும் தோல்வியுற்ற ஆய்வுக்கு நம் உடல்கள் பயன்பட்டன, வெற்றியின் விலைச்சீட்டில் நம் பெயர் இல்லை என்ற உணர்வைத் தவிர்ப்பதும் எளிதன்று.

பட்டியலின் உச்சிக்கருகே, கதையை அழகாக முடிக்கவிடாத ஒரு கட்டுரையும் இருக்கிறது. 2023இல் வெளியான புரொடெக்ட் ஆய்வு, புதிதாக நோயறிந்த 328 சிறார்களிடம் நடந்தது. இம்முறை சி-பெப்டைடுதான் அளவுகோல். அந்த அளவில் மருந்து தெளிவாக வென்றது. ஆனால் எச்பிஏ1சி, இன்சுலின் அளவு, தாழ்சர்க்கரை நிகழ்வுகள் ஆகியவற்றில் இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் 2011இன் அளவுகோல் முற்றிலும் பிழையானது என்று எப்படிச் சொல்வது? சி-பெப்டைடை எந்த நோயாளியும் உணர்வதில்லை. உணர்வது ஊசியை, மயக்கத்தை, கண்ணும் சிறுநீரகமும் கெடுவதை. எரிகிற அடுப்பு என்றாவது சமையலுக்கு உதவும் என்ற நம்பிக்கைக்குச் சான்றுகள் உண்டு. எஞ்சிய சிறு சுரப்புள்ளோருக்குக் கடுந்தாழ்சர்க்கரை குறைவு என்பது பழைய பெரிய ஆய்வுகளில் தெரிந்ததே. இருந்தும் வாதம் முடியவில்லை. எதை அளப்பது என்பது முப்பதாண்டுக்குப் பின்னும் திறந்த கேள்வியாகவே இருக்கிறது. அத்துறையில் உள்ளவர்கள் அதை ஒளிக்காமல் சண்டையிட்டுக்கொள்வது ஒருவகையில் ஆறுதல் தருகிறது.

2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீட்டுக்கு இந்தச் சண்டை தெரியாது. அதன் கணக்கில் 2002உம் 2011உம் 2019உம் ஒன்று, ஒன்று, ஒன்று. மேற்கோள் போதுமான அளவு வந்துவிட்டால், தோற்ற ஆய்வும் வென்ற ஆய்வும் ஒரே எடை. அது ஒருவேளை தற்செயலான நீதியாகக்கூட இருக்கலாம். ஆனால் 516 பேரைக்கொண்ட ஆய்வு தோற்றால் லான்செட் அதை வெளியிடும். ஓர் ஆய்வகத்தின் மூலையில் சில கூண்டு எலிகளிடம் தோற்ற மூலக்கூறுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

நெறியாளரிடம் மறுநாள் இதைக் கேட்டாள். அவர் நல்லவர், ஆனால் ஓய்வுக்கு இரண்டாண்டே இருந்தது. எதிர்மறை முடிவை இப்போது எழுதி நேரத்தை வீணாக்காதே அம்மா, பக்கத்து ஆய்வகத்தின் கட்டுரையில் உன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறேன், ஐந்தாவதோ ஆறாவதோ வரும், கட்டம் நிரம்பிவிடும் என்றார். அக்கட்டுரைக்காக அவள் இரண்டு நாள் செல்களை எண்ணிக் கொடுத்தது உண்மை. சேர்த்தால் பொய்யுமில்லை. நன்றியுடன் தலையசைத்துவிட்டு வந்தாள். இதில் அவளைக் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை, நெறியாளரைக் குறைசொல்வதும் எளிது என்பதால் மட்டும் சரியாகிவிடாது.

ஆனால் அன்றிரவு அவள் வேறொன்றும் செய்தாள். மூன்றாண்டுக் குறிப்பேடுகளைப் பிரித்து, ஒவ்வோர் எலியின் எண், வாரம், சர்க்கரை அளவு ஆகியவற்றை அட்டவணையாக்கத் தொடங்கினாள். மூலக்கூறு எந்த அளவில் கொடுக்கப்பட்டது, எந்த வயதில் தொடங்கியது, எத்தனை எலிகள் வேறு காரணத்தால் இறந்தன என்பவற்றையும் எழுதினாள். அளவு போதாதிருந்திருக்கலாமோ என்ற ஐயத்துக்கு ஒரு தனிப் பத்தி. ஒட்டெலிக்சிசுமாபின் கதையைப் படித்ததன் விளைவு அது. முன்பதிப்புத் தளத்தில் ஏற்றுவதற்குத் தலைப்பு வேண்டும். இன்ன மூலக்கூறு என்ஓடி எலிகளில் நீரிழிவைத் தாமதப்படுத்தவில்லை என்று வைத்தாள். கவர்ச்சியான வேறு சொல் எதையும் தேடவில்லை.

முன்பதிப்புகளுக்குப் படிவத்தில் கட்டமில்லை. மதிப்பீட்டுக் கூட்டம் காலை பத்தரைக்கு. வரிசையில் அவள் நான்காவது. மூன்றாமவர் உள்ளே போனதும் பையின் பக்கவாட்டு அறையைத் திறந்தாள். முன்பெல்லாம் கழிவறைக்குச் சென்று செய்வதை அன்று வராந்தா நாற்காலியில் அமர்ந்தபடியே செய்தாள். விரல் நுனியில் ஒரு துளி. கருவி ஐந்து நொடி யோசித்து 143 என்றது. பக்கத்தில் இருந்த முதலாண்டு மாணவன் பார்த்துவிட்டு, அக்கா, இது உங்களுடையதா என்று கேட்டான். ஆம் என்றாள். எலிகளுக்கும் இதே கருவிதான் பயன்படுத்துகிறோமா என்று அடுத்துக் கேட்டான். அதே நிறுவனத்தினுடையதுதான், பட்டைகள் மட்டும் வேறு என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து அவளுடைய பெயரை அழைத்தார்கள்.